சோம்பும் மாரத்தானும்



இந்த முறை கோயில் கதையும் இல்லை, தபால் ஆபீஸ் கதையும் இல்லை. ஒரே ஒரு சொல்லின் கதை. அந்தச் சொல்லால் என் வீட்டில் ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தது. அதைத் தீர்க்கப் போய் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அறிஞர் அண்ணா 1909 செப்டம்பர் 15ஆம் தேதி பிறந்தது நம் காஞ்சிபுரத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பிறந்தநாளை ஒட்டி, மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் ஓட்டப் போட்டி நடத்துகிறது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் பேத்தி அதில் கலந்துகொண்டாள். பெண்களுக்கு 5 கி.மீ. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நிற்காமல் ஓடி முடித்துவிட்டாள். வியர்வையோடு வீட்டுக்குள் நுழைந்தவள், "தாத்தா, நான் மாரத்தான் ஓடிட்டேன்!" என்று சான்றிதழை நீட்டினாள்.

நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அஞ்சு கிலோமீட்டர் ஓடறதெல்லாம் மாரத்தானாம்மா? மாரத்தான்னா 42 கிலோமீட்டர். இது சும்மா ஓட்டப்பந்தயம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பொண்ணு ஓடி வந்திருக்கா, ஒரு டம்ளர் தண்ணி குடுக்கத் தோணல, கணக்கு சொல்றீங்க" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

சாயங்காலம் பேத்தியே வந்தாள். கோபம் பாதி தணிந்திருந்தது. "சரி தாத்தா, 42தான் மாரத்தான்னு யாரு சொன்னது? ஏன் 42? ஏன் 40 இல்ல, 50 இல்ல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டுதான் காலையில் அவள் வாயை அடைத்திருக்கிறேன்.

என் சுபாவத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் துறையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். முகவரியில் ஒரு எழுத்து மாறினால் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும். 'பாளையம்' என்று முடியும் ஊர்கள் நம் மாநிலத்தில் எத்தனை என்று தபால்காரனைக் கேட்டால் தெரியும். அதனால் எந்தச் சொல்லையும் அதற்குரிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்கிற பிடிவாதம் எனக்கு உண்டு. அந்தப் பிடிவாதத்தோடுதான் நூலகத்துக்கும் போனேன், பேத்தியின் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு வேடிக்கை. என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர், மாரத்தான் என்பதை மராத்தியர்களோடு சம்பந்தப்பட்ட சொல் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். சிவாஜி மகாராஜா படையில் ஓடிய வீரர்கள் நடத்திய பந்தயம் என்று ஒரு கதையும் வைத்திருந்தார். அப்படி ஒன்றும் இல்லை. மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கடலோரச் சமவெளியில் இருக்கும் ஓர் ஊரின் பெயர்.

அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர்? இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கிரேக்க மொழியில் 'மாரத்தோன்' என்றால் ஒரு செடி. வெற்றிலைத் தட்டில் வைப்பார்களே, ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு சின்னக் கிண்ணத்தில் கொடுப்பார்களே, அந்தச் சோம்பு. இலங்கைத் தமிழர் பெருஞ்சீரகம் என்பார்கள். மூவாயிரம் ஆண்டுக்கும் முந்தைய களிமண் பலகைகளிலேயே இந்தச் செடியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதாம். சோம்பு நிறைய முளைத்துக் கிடந்த இடமாதலால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். நம் பக்கத்தில் ஆலம்பாக்கம், பனப்பாக்கம், வேப்பூர் என்று மரத்தை வைத்து ஊருக்குப் பெயர் வரவில்லையா, அதே மாதிரிதான்.

தமிழில் 'சோம்பு' என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. சோம்பிக் கிடப்பது, சோம்பல், சோம்பேறி எல்லாம் அந்த வேரில் வந்தவை. உலகத்திலேயே சோம்பேறிகளுக்குச் சற்றும் ஒத்துவராத பந்தயத்துக்குச் சோம்பின் பெயர்! பேத்தியிடம் சொன்னபோது அவளும் சிரித்துவிட்டாள். பாதிக் கோபம் அங்கே போயிற்று.

இனி, ஊரின் பெயர் எப்படிப் பந்தயத்தின் பெயராயிற்று என்று பார்ப்போம்.

கி.மு. 490ஆம் ஆண்டு. பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸின் படை கப்பல்களில் வந்து மாரத்தான் கடற்கரையில் இறங்கியது. ஏதென்ஸ் ஒரு நகரம், எதிரியோ பேரரசு. உதவிக்கு வந்தது பிளாட்டேயா என்ற சிறு நகரத்துப் படை மட்டும்தான். மில்டியாடிஸ் என்ற தளபதியின் யோசனைப்படி ஏதென்ஸ்காரர்கள் தாக்கி, யாரும் எதிர்பாராத வெற்றி பெற்றார்கள். அவர்கள் பக்கம் இறந்தவர்கள் 192 பேர் என்று ஹெரோடோட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அவர்களை எரித்துப் புதைத்த மண்மேடு இன்றும் அந்தச் சமவெளியில் நிற்கிறது.

வெற்றிச் செய்தியை ஏதென்ஸுக்குச் சொல்ல ஒரு வீரன் போர்க்களத்திலிருந்து நிற்காமல் ஓடி, செய்தியைச் சொன்ன கையோடு விழுந்து இறந்தான் என்பது நாம் எல்லோரும் கேள்விப்பட்ட கதை. நானும் என் மகனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் போர் முடிந்து சில பத்தாண்டுகளுக்குள் எழுதிய ஹெரோடோட்டஸ் இந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை!

அவர் சொல்வது வேறு ஓட்டம். போருக்கு முன்னால் பெய்டிப்பிடிஸ் என்ற தொழில்முறை ஓட்டக்காரனை உதவி கேட்க ஸ்பார்ட்டாவுக்கு அனுப்பினார்கள். ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா ஏறத்தாழ 240 கி.மீ. நம்மூரிலிருந்து கும்பகோணம் போகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை வேறு. அவன் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டான். ஸ்பார்ட்டாக்காரர்கள், "எங்கள் வழக்கப்படி பௌர்ணமிக்கு முன்னால் படை கிளம்பக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். நம்மூரில் சித்ரா பௌர்ணமிக்கு வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக்கு எழுந்தருளிவிட்டு வரும்வரை வேறு பேச்சே கிடையாது என்று சொல்லும் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். பௌர்ணமி கழிந்து ஸ்பார்ட்டாப் படை வேகவேகமாக வந்து சேர்ந்தபோது போரே முடிந்துவிட்டது. போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாராட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

செய்தி சொல்லிவிட்டு விழுந்து இறந்தவன் கதை எழுத்தில் வருவது ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகு, புளூட்டார்க் என்பவரிடம். அவர் அந்த வீரனுக்குச் சொல்லும் பெயரே வேறு. அவருக்கும் பின்னால் வந்த லூசியன் என்ற எழுத்தாளர்தான் ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவனின் பெயரை இந்த ஓட்டத்துக்குக் கொண்டுவந்து ஒட்டினார். 1879இல் ராபர்ட் பிரவுனிங் என்ற ஆங்கிலக் கவிஞர் இரண்டு ஓட்டத்தையும் ஒருவனே ஓடியதாகச் சேர்த்து ஒரு கவிதை எழுதிவிட்டார். உலகத்துக்கு அதுவே வரலாறாகிவிட்டது. விலாசம் மாறிப் போன கடிதம் ஒன்று, போன இடத்திலேயே தங்கிவிட்ட கதைதான்.

அப்படியானால் 'மாரத்தான்' என்ற பெயரில் பந்தயம் எப்போது தொடங்கியது? பழைய ஒலிம்பிக்கில் அப்படி ஒரு பந்தயமே கிடையாது. ஏதோ கிரேக்கர் காலத்திலிருந்து வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்கு என் தாத்தாவின் வயதுதான் இருக்கும்.

1894இல் பாரிஸில் கூடிய மாநாட்டில் ஒலிம்பிக் போட்டிகளை மறுபடி நடத்த முடிவு செய்தார்கள். முன்னின்றவர் பியர் தெ குபெர்த்தேன். அவருடைய நண்பர் மிஷேல் பிரேயால், "மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஓர் ஓட்டம் வையுங்கள், வெற்றி பெறுபவனுக்கு நான் ஒரு வெள்ளிக் கோப்பை தருகிறேன்" என்று யோசனை சொன்னார். சரி, இந்தப் பிரேயால் யார்? ஓட்டக்காரரா, உடற்பயிற்சி ஆசிரியரா? இரண்டும் இல்லை. மொழியறிஞர். சமஸ்கிருதம் படித்தவர், ஒப்பிலக்கணப் பேராசிரியர். சொற்களின் பொருள் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று ஆராயும் 'சொற்பொருளியல்' என்ற துறைக்குப் பெயர் கொடுத்துப் பரப்பியவர். அதைப் பற்றி 1897இல் ஒரு புகழ்பெற்ற நூலும் எழுதினார்.

இதைப் படித்ததும் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஊர்ப் பெயரை எடுத்துப் பந்தயத்துக்குச் சூட்டி, ஒரு சொல்லின் பொருளை மாற்றியவர், சொற்களின் பொருள் மாறுவதையே ஆராய்ந்தவர். அவர் சூட்டிய பெயரை வைத்துக்கொண்டுதான் நான், "பொருள் மாறக்கூடாது" என்று பேத்தியிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

முதல் ஒலிம்பிக் மாரத்தான் பந்தயம் 1896 ஏப்ரல் 10ஆம் தேதி நடந்தது. 17 பேர் ஓடினார்கள். தூரம் ஏறத்தாழ 40 கி.மீ.தான். 42 இல்லை, கவனியுங்கள். 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் முதலில் வந்தவர் ஸ்பிரிடான் லூயிஸ். ஏதென்ஸுக்குத் தண்ணீர் சுமந்து விற்ற ஏழைக் குடும்பத்து இளைஞர். அதற்குப் பிறகு அவர் வேறு எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. பிரேயால் கொடுத்த அந்தக் கோப்பை ஒரு சாண் உயரம்தான் இருக்கும். 2012இல் லண்டனில் ஏலத்துக்கு வந்து 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று.

அடுத்து, பேத்தி கேட்ட 42. ஒலிம்பிக் மாரத்தானின் தூரம் ஆரம்பத்தில் ஊருக்கு ஊர் மாறியது. ஒரு நகரத்தில் 40, இன்னொன்றில் அதற்குச் சற்று மேலே, பாதை எப்படி வாய்க்கிறதோ அப்படி. 1908இல் லண்டனில் நடந்தபோது தொடக்கத்தை விண்ட்சர் அரண்மனைப் புல்வெளியில் வைத்தார்கள். முடிவை மைதானத்தில் அரச குடும்பம் உட்காரும் மேடைக்கு எதிரில் வைத்தார்கள். அளந்தால் 26 மைல் 385 கெஜம். அதாவது 42.195 கி.மீ. அவ்வளவுதான் விஷயம். கிரேக்க வீரன் ஓடிய தூரமும் அல்ல, வேறு எந்தத் தத்துவமும் அல்ல. ராஜா வீட்டு வாசலிலிருந்து ராணி உட்கார்ந்த இடம் வரை!

அந்த லண்டன் ஓட்டத்தில் இத்தாலியைச் சேர்ந்த டொராண்டோ பியத்ரி முதலாவதாக மைதானத்துக்குள் வந்தார். ஆனால் தலைசுற்றித் தவறான திசையில் திரும்பி, பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டச் செய்ததால் அவரைத் தகுதி நீக்கி, அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அலெக்சாண்ட்ரா ராணி மறுநாள் பியத்ரிக்குத் தனியாக ஒரு கோப்பை தந்தார். உலகம் முழுவதும் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசியது. ஆனாலும் அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தூரம் வேறாகவே இருந்தது. 1921இல்தான் சர்வதேச தடகளச் சம்மேளனம் 42.195 என்று நிரந்தரமாக்கியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1920இல், ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தூரம் 42.75 கி.மீ. ஒலிம்பிக்கிலேயே மிக நீளமான மாரத்தான் அது. அதில் நம் நாட்டவர் ஒருவர் ஓடினார். பெலகாவிப் பக்கத்து பட்டெப்பா சௌகுலே. சர் தோராப்ஜி டாடா ஆதரவில் போன குழு அது. சௌகுலே 19ஆவதாக வந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? பீகாரைச் சேர்ந்த சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி வைத்த தேசிய சாதனை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அசைக்க முடியாமல் நின்றது. செருப்பில்லாமல் ஓடிப் பெயர் வாங்கிய மனிதர் அவர்.

தமிழில் இந்தச் சொல் என்னவாயிற்று என்றும் பார்த்தேன். நாம் 'மாரத்தான்' என்கிறோம். சிலர் 'மராத்தான்' என்கிறார்கள். என் இளமையில் இலங்கை வானொலியில் 'மரதன் ஓட்டம்' என்று கேட்டிருக்கிறேன். அங்கே இன்றும் அப்படித்தான். செய்தித்தாளில் 'நெடுந்தூர ஓட்டம்' என்றும் போடுகிறார்கள். என் பேத்தி ஒரு போடு போட்டாள்: "படித்தான், பிடித்தான் மாதிரி இது மாரத்தான். அப்ப நான் ஓடினா மாரத்தாள்தானே தாத்தா?" இலக்கணம் படித்தவர்கள் பதில் சொல்லட்டும்.

இலங்கைத் தமிழில் இன்னொரு சொல் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. கையில் குச்சியை மாற்றி மாற்றி நால்வர் ஓடுவதை நாம் தொடர் ஓட்டம் என்கிறோம். அவர்கள் 'அஞ்சலோட்டம்' என்கிறார்கள். தபால்காரனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்! ரயிலும் பஸ்ஸும் வருவதற்கு முன்னால் கடிதங்கள் ஆள் காலில்தான் போயின. ஒருவன் குறிப்பிட்ட தூரம் ஓடிப் பையை அடுத்தவனிடம் கொடுப்பான். கையில் மணி கட்டிய கோல். மணிச் சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும். திருவிதாங்கூரில் அரசரின் அஞ்சல் துறை தனியாகவே நடந்து, 1951இல்தான் இந்திய அஞ்சல் துறையோடு சேர்ந்தது. அங்கே அவனுக்கு 'அஞ்சலோட்டக்காரன்' என்று பெயர். பழந்தமிழில் செய்தி கொண்டு ஓடுகிறவனுக்கு 'ஓட்டன்' என்ற சொல்லும் உண்டு. பெய்டிப்பிடிஸ் செய்த வேலையும் அதுதானே? அவனும் ஓர் ஓட்டன். பந்தயத்துக்கு ஓடவில்லை, செய்திக்கு ஓடினான். அந்த வகையில் நானும் அவனும் ஒரே இலாகா.

இப்போது அந்தச் சொல் எங்கெங்கோ போய்விட்டது. ஊர்ப் பெயரின் கடைசித் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வாக்கத்தான், ஹேக்கத்தான் என்கிறார்கள். இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் விடிய விடியக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு ஹேக்கத்தான் என்று பெயராம். நீண்ட நேரம் பேசினால் மாரத்தான் பேச்சு, நாள் முழுதும் நடந்தால் மாரத்தான் விசாரணை. 42.195 கி.மீ. என்பது விளையாட்டு விதிக்குச் சொந்தம். பொதுமக்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு 'சளைக்காமல் நெடுநேரம்' என்று பொருள்.

இது தவறா? நம் மொழியிலேயே நடக்காததா? பழைய இலக்கியத்தில் நாற்றம் என்றால் நல்ல மணம். இன்று அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். 'ஓட்டம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தேரோட்டம் என்கிறோம். தேர் ஓடுகிறதா என்ன, ஆடி அசைந்து வருகிறது. வெள்ளோட்டம், நீரோட்டம், எண்ண ஓட்டம் என்று காலே இல்லாதவை எல்லாம் ஓடுகின்றன. திருக்குறளில் 58ஆவது அதிகாரம் கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லைப் 'பார்வை', 'கருத்து' என்ற பொருளில் நாம் தினமும் எழுதுகிறோம். வள்ளுவர் சொன்னது அதுவல்ல. பழகியவர் மேல் கண் தானாக ஓடி இரங்குவது, தாட்சண்யம்.

அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அன்று காலை என் பேத்தி வாசலில் நின்றபோது என்னிடம் புதிய கண்ணோட்டம் இருந்தது. பழைய கண்ணோட்டம் இல்லை.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1896இல் ஸ்டமாட்டா ரெவிதி என்ற ஏழைப் பெண் அந்த முதல் மாரத்தானில் ஓட அனுமதி கேட்டாள். கொடுக்கவில்லை. பந்தயம் முடிந்த மறுநாள் அவள் தனியாகவே மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடினாள். ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. மைதானத்துக்குள் அவளை விடவில்லை. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிந்து ஓடினாள். நடத்துநர்களில் ஒருவரே பாதையில் பாய்ந்து அவளை இழுத்து நிறுத்தப் பார்த்தார். அவள் ஓடி முடித்தாள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல்தான், லாஸ் ஏஞ்சலஸில். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் வென்றார். பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தாரே, நாமெல்லாம் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஏங்கினோமே, அதே ஒலிம்பிக்.

இதைப் படித்தபோது எனக்கு என் தங்கையின் நினைவு வந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு குழித்தறி. அப்பா கோர்வைப் புடவை நெய்வார். கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தங்கை ராட்டையில் தார் சுற்றுவாள். ஜரிகை தீர்ந்துபோனால் முதலாளி வீட்டுக்குப் போய் வாங்கி வருவது அவள் வேலை. தெருவில் பாவு விரித்திருப்பார்கள். அதன் ஓரமாகவே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே ஓட்டம். நான் நடந்து போய் வருவதற்குள் அவள் இரண்டு முறை போய் வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் பெண்களுக்கு வைத்தது எலுமிச்சம்பழமும் ஸ்பூனும், ஊசியில் நூல் கோர்ப்பதும். அதில் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.

பெரியவளானதும், தெருவில் ஓடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று அவள் ஓடியதை அப்பாவிடம் போய்ச் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. இப்போது முழங்கால் வலியோடு அதே பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் அதைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை.

நான் தேடியதையெல்லாம் எழுதி முடித்து, பேத்தியைக் கூப்பிட்டேன். "நீ ஓடினது மாரத்தான்தாம்மா. 42ங்கறது ராஜா வீட்டு அளவு. தாத்தா தெரியாம சொல்லிட்டேன். அந்தச் சான்றிதழைக் கொண்டா, ஒழுங்காப் பார்க்கிறேன்" என்றேன்.

"அது இங்க இல்ல தாத்தா. அத்தைப் பாட்டிகிட்ட இருக்கு" என்றாள். அன்று சாயங்காலமே சைக்கிளில் பிள்ளையார்பாளையம் போய்க் காட்டியிருக்கிறாள். பாட்டி அதை வாங்கித் தன் அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டாளாம்.

"என்ன சொன்னா பாட்டி?"

"எவ்வளவு தூரம்னு கேட்டாங்க. அஞ்சு கிலோமீட்டர்னேன். வழியில யாராவது நிறுத்தினாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்ப சரின்னாங்க."

நாளை காலை நான் பிள்ளையார்பாளையம் போகிறேன். நடந்துதான். சான்றிதழைப் பார்க்க வேண்டும். தங்கையிடம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருக்கும் வார்த்தை ஒன்றும் இருக்கிறது. அதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.